நல்ல கலர்

பழக்கிடங்கில் அவனை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, எல்லோருக்கும் இருக்கிற மூக்குதான். லாரியில் வந்து இறங்கும் பழங்களை மற்றவர்கள் கண்ணால் பார்த்துப் பிரிப்பார்கள். இவன் மட்டும் எடுத்து மோந்து, காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அமுக்கி, "இது இன்னிக்குப் போகட்டும், அது நாளைக்கு" என்பான். சொன்னால் சொன்னதுதான். "மூக்கன் மோந்துட்டா அப்பீலே கிடையாது" என்று மேஸ்திரி புது ஆட்களிடம் பீற்றிக்கொள்வார். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அட, இதில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? காய்க்கும் பழத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாதவன் மோந்து பார்க்காமல் வேறு என்ன செய்வான்?

ஆமாம், விஷயம் அதுதான். சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிறவியிலேயே பிடிபடாது. இரண்டுமே துவைக்காத துணி மாதிரி ஏதோ ஒரு மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். வானத்து நீலம் தெரியும், ஆனால் சிவப்போடு நீலம் கலந்துவிட்டால் அதுவும் அந்த மங்கலில் போய்விடும். சின்ன வயதில் அத்தைக்குக் குழந்தை பிறந்தபோது, "பச்சைப் பிள்ளை, தொடாதே" என்று பெரியவர்கள் விரட்டினார்கள். இவனும் அதை நம்பி, மறுநாள் வகுப்பில் போய், "எங்க அத்தை பாப்பா பச்சைக் கலர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டான். அந்த வருடம் முழுக்க அவனைப் பள்ளியில் கிளி என்று கூப்பிட்டுக் கேலி பண்ணித் தீர்த்தார்கள்.

அன்றைக்கு எடுத்த முடிவு. இலை பச்சை, ரத்தம் சிவப்பு, தக்காளி சிவப்பு, உதடு சிவப்பு என்று வாய்ப்பாடு மாதிரி நெட்டுருப் போட்டுக்கொண்டான். சிக்னலில் மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை. யாராவது நிறம் கேட்டால் கண்ணைக் கேட்க மாட்டான், வாய்ப்பாட்டைத்தான் கேட்பான். பதில் டக்கென்று வந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, கட்டிக்கொண்டவளுக்கும் சேர்த்துத்தான்.

அவள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். வீட்டிலும் அவன் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவான். மறுநாள் நடத்தப் போகிற பாடத்தை முதல் நாள் சாயங்காலமே அவனிடம் நடத்திப் பார்ப்பது அவள் வழக்கம். கல்யாணமான புதிதில் ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"ஏங்க, நாய், மாடு, பூனை எதுக்கும் சிவப்பு சரியாத் தெரியாது, தெரியுமா? பாலூட்டிகள்ல நமக்கும் நம்ம குரங்கு சொந்தக்காரங்க கொஞ்சப் பேருக்கும்தான் இந்த யோகம்."

"நமக்கு மட்டும் என்ன அப்படி விசேஷம்?" அவன் வெங்காயத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"அதுலதான் சண்டையே. இலைக்கு நடுவுல பழுத்த பழம் எங்க இருக்குன்னு தூரத்துல இருந்தே கண்டுபிடிக்கத்தான் கண்ணு இப்படி ஆச்சுன்னு ஒரு கட்சி. இளந்தளிர் சிவப்பா இருக்கும், அதைப் பார்த்துத் தின்னத்தான்னு இன்னொரு கட்சி. எனக்குப் பிடிச்சது மூணாவது கட்சி. நல்லா நிறம் தெரியுற குரங்குங்களுக்கு மூஞ்சியில முடி கம்மியாம். வெறும் தோலுதான். உள்ள ஓடுற ரத்தம் வெளிய தெரியும். கோவமா, பயமா, காய்ச்சலா, மூச்சு ஒழுங்கா போகுதா, எல்லாம் மூஞ்சியிலயே எழுதியிருக்கும். அதைப் படிக்கத்தான் இந்தக் கண்ணு வந்துச்சுங்கிறாங்க. பேசத் தெரியாத பிள்ளையைப் பெத்து வச்சிருக்கிற ஜாதி பாருங்க, வேற எப்படித் தெரிஞ்சுக்கும்?"

"கடைசியில எந்தக் கட்சி ஜெயிச்சுது?"

"இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க." சிரித்துவிட்டு, "ஆமா, நான் வெட்கப்பட்டா என் முகம் சிவக்குதுல்ல?" என்று கேட்டாள்.

"பின்னே? தக்காளி தோத்துடும்."

அவள் கரண்டிக் காம்பால் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதும் சிவந்திருக்க வேண்டும். அவன் பார்த்த மாதிரியே சிரித்து வைத்தான். பழத்தை மூக்கால் சமாளித்தாயிற்று, முகத்தை எதை வைத்துச் சமாளிப்பது என்று அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பிறகு மறந்துபோனான். மனுஷனுக்கு மறதி இல்லாவிட்டால் குடும்பம் நடத்த முடியுமா?

பாப்பா பிறந்து மூன்று மாதத்தில் டீச்சரம்மாவின் விடுப்பு தீர்ந்தது. அவன் கிடங்கில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டான். பாப்பாவுக்கு முந்தின நாளிலிருந்து லேசான சளி. டாக்டரிடம் காட்டியதில், பயப்பட ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். டீச்சரம்மா கிளம்பும்போது செருப்பைப் போடுவதும் உள்ளே வந்து பிள்ளையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"இன்னிக்குப் பரீட்சை ஹால் டியூட்டி. போனை ஆபீஸ்ல வாங்கி வச்சுக்குவாங்க. பார்த்துக்குவீங்கல்ல?"

"என் பிள்ளையை நான் பார்த்துக்க மாட்டேனா? போம்மா, பஸ் போயிடப் போகுது."

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் பாப்பா பால் குப்பியை வாயில் வாங்க மறுத்தது. வாங்கியது, இரண்டு வாய் குடித்தது, விட்டது. அழவும் இல்லை. தூளியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். மூச்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. டீச்சரம்மாவுக்குப் போன் அடித்தான். அணைத்து வைத்திருந்தது. தெரிந்தும் மறுபடி அடித்தான். அப்புறம் அவசர எண்ணுக்கு அடித்தான்.

எடுத்த பெண் பதறாத குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயசு என்ன, காய்ச்சல் உண்டா, பால் குடிக்கிறதா.

"உதடு, நாக்கு எல்லாம் நீலமா இருக்கா சார்? இல்ல எப்பவும் போல சிவப்பா இருக்கா?"

"சிவப்பாத்தான் இருக்குங்க."

டக்கென்று வந்தது பதில்.

"அப்ப பயப்படாதீங்க. பெரிய விபத்து ஒண்ணு நடந்திருக்கு, வண்டி எல்லாம் அங்க போயிருக்கு. உங்களுக்கும் ஒண்ணு வரும், கொஞ்சம் நேரமாகும். நிறம் மாறினா மட்டும் உடனே திரும்பக் கூப்பிடுங்க."

போனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தான் பிள்ளையின் உதட்டைப் பார்க்கவே இல்லை. போனில் பேசும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு சிவப்பு என்பது வாய்ப்பாடு. பார்த்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பான்? இப்போது குனிந்து பார்த்தான். ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தான், விளக்கைப் போட்டுப் பார்த்தான். அந்தப் பிஞ்சு உதடு துவைக்காத துணியாகத்தான் தெரிந்தது. நேற்றைக்கும் அப்படித்தான் இருந்தது, பிறந்த அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. நிறம் மாறினால் கூப்பிட வேண்டுமாம்! யாரிடம் வந்து சொல்லியிருக்கிறாள் பார்.

திரும்ப அந்த எண்ணுக்கு அடித்தான். எல்லா இணைப்பும் வேலையாக இருக்கின்றன, காத்திருங்கள் என்று ஒரு பதிவுக் குரல் சொன்னதையே சொன்னது. பாப்பாவைப் படம் பிடித்து மேஸ்திரிக்கு அனுப்பலாம் என்று தோன்றியது. படமும் பிடித்துவிட்டான். அனுப்பப் போகையில் கட்டைவிரல் நின்றது. உனக்குக் கண்ணில்லையா என்று கேட்பாரே, நாளைக்கு வேலை இருக்குமா என்று ஒரு எண்ணம். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக அவன் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, பிள்ளையை அள்ளிக்கொண்டு படியிறங்கினான்.

கீழ்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மனிதர், பாப்பா என்றால் உயிர். கதவைத் தட்டினான். சங்கிலியை எடுக்காமலே இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். மாடிப்படியில் எப்போதும் அரை இருட்டு.

"சார், சார், பாப்பா கலர் எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்!"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"நல்ல கலர்ப்பா! அதுக்கென்ன குறைச்சல்?"

"நிஜமாவா சார்? நல்லாப் பார்த்தீங்களா?"

"அட, கண்ணாடி இல்லாமலே தெரியுதுப்பா. ஜம்முனு இருக்கு. கொண்டு போ, காத்துல வச்சிருக்காதே."

அவனுக்கு உயிரே திரும்பி வந்தது. படியேறும்போது சிரிப்பு வந்தது. வீணாகப் பதறிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். பாப்பாவைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவினான். "பார்த்தியா குட்டி, உனக்கு ஒண்ணும் இல்லையாம். வண்டி வரட்டும், போய்ட்டு வந்துடலாம்" என்று கொஞ்சினான். இரண்டு தரம் வராந்தாவில் போய் வண்டி வருகிறதா என்று பார்த்தான். பாலைச் சூடுபண்ணக்கூட அடுப்படிக்குப் போனான். அடுப்பைப் பற்ற வைத்தபோது கீழிருந்து கீழ்வீட்டுக்காரரின் குரல் கேட்டது, மனைவியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாடி வீட்டுத் தம்பிக்குப் பெருமை தாங்கல. பிள்ளை கலரா இருக்கான்னு வந்து கேக்குறான். அவங்க அம்மா மாதிரி செவப்பா வரும்னு நான்தான் அன்னிக்கே சொன்னேனே!"

அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. அவன் அதை அணைத்தானா இல்லையா என்று அப்புறம் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஐயோ, கலர்! உலகத்தில் நல்ல கலர் என்றால் வெள்ளைத்தோல் என்றுதானே அர்த்தம். பிள்ளை கறுப்பா சிவப்பா என்று பெருமையடிக்க வந்தவன் என்று அந்த மனுஷர் நினைத்துவிட்டார். தெரிந்த வார்த்தைதான், ஆயிரம் தடவை காதில் விழுந்ததுதான். அதை நம்பி எவ்வளவு நேரத்தைத் தொலைத்திருக்கிறான்! பாப்பாவின் விலா எலும்புக்கு நடுவே சதை இப்போது ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கு நிறம் தெரிய வேண்டியதில்லை. அவன் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினான்.

"யாராவது வாங்களேன்! என் பிள்ளை என்ன நிறத்துல இருக்குன்னு சொல்லுங்களேன்!"

ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, பார்த்து, குடிகாரன் என்று முடிவுகட்டிப் போய்விட்டார். பை தூக்கி வந்த பெண் ஒதுங்கி நடந்தாள். கேட்கிற கேள்வி அப்படி! பெற்ற பிள்ளையின் நிறத்தைத் தெருவில் நின்று விசாரிக்கிறவனை யார் நம்புவார்கள்? முனையில் டாக்ஸியை நிறுத்திவிட்டு ஒரு அம்மாள் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓடினான்.

"அக்கா, எனக்குக் கண்ணுல நிறம் தெரியாது. பிறந்ததுல இருந்தே தெரியாது. பாப்பா உதடு நீலமா இருக்கான்னு பாருங்கக்கா."

வாழ்க்கையில் முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது ஒரு முன்பின் தெரியாத டாக்ஸிக்காரியிடம். அவள் துணியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அடப் பாவி, நீலம் பாரிச்சுக் கிடக்குது! ஏறு, ஏறு!"

வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. பின்சீட்டில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்குக்கா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"தம்பி, நான் ரோட்டைப் பார்க்கவா, பிள்ளையைப் பார்க்கவா? மூச்சு வருதான்னு பாரு! உள்ளங்காலைத் தேய்!"

அவன் குனிந்து மூக்கைப் பாப்பாவின் வாயோடு ஒட்ட வைத்தான். அதுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. பால் வாசனையோடு சின்னதாக ஒரு சூடு மூக்குநுனியில் பட்டது. விட்டது. வரவில்லை, வரவில்லை, வந்தது. "வருதுக்கா" என்றான். ஒவ்வொரு தரமும் சத்தமாகச் சொன்னான். "வருது... வருது..." நிமிர்ந்தபோது எதிரே சிக்னலில் மேல் விளக்கு எரிந்தது.

"அக்கா, சிவப்பு!"

"எனக்குக் கண்ணு இருக்குதுப்பா" என்று ஹாரனை அமுக்கிக்கொண்டே வண்டியை உள்ளே விட்டாள். அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை, அவசரத்தில் வந்த பேச்சு. ஆனாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெண் டாக்டர் ஆக்சிஜன் முகமூடியைப் பிள்ளையின் முகத்தில் பொருத்திக்கொண்டே கேட்டாள்.

"எப்ப இருந்து நீலமா இருக்கு?"

"தெரியலைங்க."

"யாரு பக்கத்துல இருந்தது?"

"நான்தான். காலையில இருந்து நான்தாங்க பக்கத்துல இருந்தேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

டாக்ஸிக்காரி அத்தோடு விட்டுவிட்டுப் போய்விடவில்லை. அவன் சொன்ன பள்ளிக்கூடத்துக்குத் தானே போய், பரீட்சை ஹாலிலிருந்து டீச்சரம்மாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நடைபாதையில் ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. விரலில் சாக்பீஸ் தூள்.

"என்னங்க ஆச்சு? காலையில நல்லாத்தானே இருந்தா! அந்த அக்கா பிள்ளை நீலமாயிடுச்சுன்னு சொல்றாங்க. நீலமாகுற வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? சொல்லுங்க!"

"எனக்குத் தெரியலம்மா."

"அது எப்படித் தெரியாமப் போகும்? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஆமா" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். வாய்ப்பாட்டைச் சொன்னான், கிளி என்ற பட்டப்பெயரைச் சொன்னான், போனில் சிவப்பு என்று சொன்னதைச் சொன்னான், கீழ்வீட்டுக்காரர் நல்ல கலர் என்றதும் நம்பி மாடியேறியதையும் சொன்னான். படத்தை அனுப்பாமல் கை நின்ற அந்த நொடியைக்கூட விடவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சிக்னல்?" டீச்சர் இல்லையா, கேள்விதான் முதலில் வந்தது.

"மேல எரிஞ்சா சிவப்பு."

"என் முகம்? தக்காளின்னு சொன்னீங்களே."

அவன் அவள் விரலில் இருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்தான்.

"ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையா?"

"இல்லம்மா."

"பச்சைப் பொய்" என்றாள். "பச்சைன்னா எப்படி இருக்கும்னுகூடத் தெரியாம, இத்தனை நாளும் பச்சைப் பொய். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இன்னிக்கு லீவு போட்டிருப்பேனே! என் பிள்ளையை விட்டுட்டுப் போயிருக்க மாட்டேனே!"

அவள் முகத்தில் என்னவோ நடந்தது. கோபத்தில் சிவந்ததா, பயத்தில் வெளுத்ததா, அவனுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் படிக்கத்தான் கண் வந்தது என்று சொன்னவளே அவள்தான்.

கதவு திறந்தது. நர்ஸ் வந்து, பிள்ளைக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது என்றாள். இன்னும் சொல்வதற்கில்லை, இன்றைய பொழுது தாண்ட வேண்டும் என்றாள்.

"ஒருத்தர் மட்டும் உள்ள இருக்கலாம். பிள்ளை காலை ஆட்டினா ஆக்சிஜன் அளவு காட்டுற மெஷின் கிளிப் கழண்டுடுது. அதனால மெஷினை நம்பாதீங்க. பிள்ளை உதட்டையே பார்த்துட்டு இருக்கணும். திரும்ப நீலம் அடிச்சா உடனே மணியை அமுக்கணும். யார் வர்றீங்க?"

அவன் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றான். உள்ளே கட்டிலில் அந்தப் பிஞ்சுக் கால் தெரிந்தது. கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. அப்புறம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அவங்களை உள்ள விடுங்க. எனக்கு நிறம் தெரியாதுங்க."

டீச்சரம்மா அவனைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவின் மேல் பாதியில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அவன் அதில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றான். அவள் முதுகும், கட்டிலின் கம்பியும் தெரிந்தன. பிள்ளையின் முகம் அவள் தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மறையாமல் இருந்திருந்தால் மட்டும் என்ன தெரியப்போகிறது? இங்கிருந்து மோந்து பார்க்கவும் வழியில்லை. கதவைத் தட்டி, இப்ப எப்படி இருக்கு என்று கேட்க வாய் துடித்தது. எந்த முகத்தோடு கேட்பது? கையைக் கடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே டீச்சரம்மா பிள்ளையின் மேல் குனிந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். மணியை அமுக்கப் போகிறாளா? கை மணியின் பக்கம் போகிறதா? போகவில்லை. அவள் நிமிர்ந்தாள். கதவுப் பக்கம் திரும்பவில்லை. முகத்தைக் காட்டவில்லை. திரும்பாமலே, வலது கையை மட்டும் தலைக்கு மேலே உயர்த்தினாள்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. யாரைக் கூப்பிடுகிறாள் என்று நடைபாதையைத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பிறகுதான் புரிந்தது. மேலே.

மேலே என்றால் சிவப்பு. உதடு சிவப்பு.

அவன் கண்ணாடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் கையை இறக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி உயர்த்தினாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்து நின்றான்.